ஒட்டக் கூடாத கட்டை

அன்று பின்னேரம் எங்கள் விறாந்தையில் இருந்தவர்கள் இவர்கள்.

நான். சுவரோரம், மரக்குற்றியில்.

என் மனைவி இரத்தினம். வாசற்படியில். மடியில் சுளகு, சுளகில் முருங்கையிலை.

அவளுடைய தங்கச்சி புவனம். நோர்வேயிலிருந்து வந்து ஐந்தாம் நாள். கதிரையில் இருந்தாள். மடியில் கிற்றார்.

செல்வன். மண்டைதீவு ஆள். வள்ளம் திருத்துகிறவன். அவன் வந்த வேலை முதல் நாளே முடிந்துவிட்டது. மத்தியானச் சாப்பாட்டுக்காக மறுநாளும் வந்திருந்தான்.

நல்லையா மாஸ்ரர். எண்பத்து நாலு வயது. பள்ளிக்கூடத்தில் சங்கீதம் படிப்பித்தவர். அவரை ஒருவரும் கூப்பிடவில்லை.

நாய் ஒன்று. பெயர் வைக்கவில்லை.

புவனம் வாசித்தாள். மாஸ்ரர் இரண்டு கைகளையும் முழங்காலில் வைத்து, பத்து விரல்களையும் விரித்துக்கொண்டு இருந்தார். ஒரு பிழைக்கு ஒரு விரல் மடக்குவார். வகுப்பிலும் அவருடைய கணக்கு அதுதான். பத்தும் மடங்கினால் பிள்ளை வெளியே போகவேண்டும். மன்னிப்பு, மறுவாய்ப்பு ஒன்றும் கிடையாது.

பாட்டின் இரண்டாவது வரி முடியவில்லை. அவருடைய இரண்டு கைகளும் பொத்திப் பிடித்தபடி இருந்தன.

"நிப்பாட்டு பிள்ளை," என்றார். "நாப்பத்தாறு வருசத்துக்கு முந்தியும் இந்த வரியிலைதான் நிண்டனி. கடல் தாண்டிப் போனாலும் காது மாறாது."

புவனம் கம்பியிலிருந்து கையை எடுத்தாள்.

நாய் எழுந்து போனது. அதுவும் பொறுத்துப் பொறுத்துத்தான் இருந்திருக்கிறது.

ஏழு நிமிடம்

மறுநாள் சனசமூக நிலையத்தின் ஆண்டு விழா. அதில் புவனத்துக்கு ஏழு நிமிடம் கொடுத்திருந்தார்கள். சிறுவர் பேச்சுக்குப் பிறகு, பரிசளிப்புக்கு முன். நோர்வேயிலிருந்தே தொலைபேசியில் கேட்டு வாங்கியது.

விழாவுக்குப் பிரதம விருந்தினர் நல்லையா மாஸ்ரர்.

"அவர் எண்டு தெரிஞ்சே கேட்டனி?" என்று இரத்தினம் குசினியில் வைத்துத் தங்கச்சியிடம் கேட்டாள். நான் வெளியே உளி தீட்டிக்கொண்டிருந்தேன்.

"அவர் எண்டபடியால்தான் கேட்டனான், அக்கா."

பன்னிரண்டு வயதில் புவனத்தை அவர் வகுப்பிலிருந்து வெளியே விட்டார். நவராத்திரிக்குப் பாடும் பாட்டு. இரண்டாம் வரியில் பத்து விரலும் மடங்கிவிட்டது. வேப்பமரத்தடியில் போய் நின்றாள். அடுத்த நாளிலிருந்து ஊர்ப் பிள்ளைகள் அவளைக் காகம் என்று கூப்பிட்டார்கள். இருபது வயதில் வெளிநாடு போகும்வரை அந்தப் பெயர் இருந்தது. பேருந்தில் ஏறும்போதும் ஒருவன் கரைந்து காட்டினான். அவன் இப்போது கிராம முன்னேற்றச் சங்கத்தில் இருக்கிறான். பெயரை எழுதமாட்டேன். அவனுக்கு நான் கதவு செய்து கொடுக்கவேண்டி இருக்கிறது.

நோர்வேயில் பிள்ளை பிறந்தபோது புவனம் தாலாட்டுப் பாடவில்லை. ரேப் ரெக்கோடரில் பாட்டுப் போட்டாள். இதை அவள் எனக்குச் சொல்லவில்லை. இரத்தினம் சொன்னாள்.

அங்கே வயோதிபர் இல்லம் ஒன்றில் தரை துடைக்கிற வேலை. அங்கிருந்த கிழவன் ஒருவன் நடைபாதையில் இருந்து கிற்றார் வாசிப்பானாம். இவள் துடைப்பத்தோடு நின்று பார்ப்பாள். ஒருநாள் அவன் கிற்றாரை நீட்டினான். இவளுக்கு அப்போது நாற்பத்தைந்து வயது.

"அதுக்கு வாய் திறக்கத் தேவையில்லை, அத்தான். அதுதான் எனக்குப் பிடிச்சது," என்று என்னிடம் சொன்னாள்.

கிழவன் செத்தான். அவனுடைய பிள்ளைகள் கிற்றாரைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் வைத்தார்கள். புவனம் எடுத்துக்கொண்டு வந்தாள். அது என்னைவிட வயது கூடியது. எனக்கு அறுபத்தாறு.

நவராத்திரிப் பாட்டைக் கிற்றாரில் வாசிக்க அவள் தானாகவே பழகினாள். எத்தனை வருசம் என்று நான் கேட்கவில்லை. அந்தப் பாட்டின் இரண்டாவது வரியை அந்த மனிதர் முன்னால் தாண்டவேண்டும். அதற்காக வந்திருக்கிறாள். மிச்சமெல்லாம் சாட்டுக்கு: கோயில், சொந்தக்காரர், எங்கள் வீட்டு ஒடியல் கூழ்.

ஒரு கடிதம்

இடையில் ஒன்று.

போன கிழமை இந்தப் பத்திரிகையில் கிணற்றுக் கப்பியைப் பற்றி எழுதினேன். ஒரு வாசகர் ஆசிரியருக்குக் கடிதம் போட்டிருக்கிறார். எட்டாம் வகுப்புப் படித்த, மரவேலை செய்கிற ஓடாவி இப்படி எழுதமாட்டான், யாரோ எழுதிக் கொடுக்கிறார்கள் என்று.

ஒருவரும் எழுதிக் கொடுக்கவில்லை. எழுதிக் கொடுக்க ஆளிருந்தால் நான் ஏன் மேசையில் குந்தியிருந்து முதுகை முறிக்கிறேன்?

எழுத்துப்பிழை பார்ப்பது இரத்தினம். அவள் பத்தாம் வகுப்பு. அதை எனக்கு அடிக்கடி ஞாபகப்படுத்துவாள்.

சங்கீதத்தில் எனக்குத் தெரிந்தது கோயில் மணி. அது அடிக்கும், பிறகு நிற்கும். ஆகவே இந்தக் கிழமை சங்கீதம் தெரிந்த வாசகர்கள் கடிதம் எழுதவேண்டாம்.

கட்டை

வெள்ளிக்கிழமை காலை புவனம் கிற்றார்ப் பெட்டியைத் திறந்தாள். ஒரு சத்தம் போட்டாள். நான் பாம்பென்று நினைத்துத் தடியோடு ஓடினேன்.

"அத்தான், உடைஞ்சு போச்சு!"

"எது?"

"பிறிட்ஜ்."

எனக்குப் பிறிட்ஜ் என்றால் பண்ணைப் பாலம். அவள் எடுத்துக் காட்டியது சாண் நீளக் கறுத்தக் கட்டை. இரண்டு கால். முதுகில் ஒரு வெட்டு. வெட்டில் ஒரு வெள்ளை எலும்புத் துண்டு. அந்த எலும்புக்குச் சடில் என்று பெயராம். ஆறு கம்பிகளும் அந்த எலும்பில் ஏறி இறங்கித்தான் போகும். கம்பிகளின் வால் கிற்றாரின் அடியில் ஒரு தகட்டில் கொழுவியிருக்கும்.

விமானத்தில் ஏற்றமுன் கம்பிகளைத் தளர்த்திவிடச் சொல்லி அவளுடைய மகன் சொன்னானாம். அவனுக்கு எல்லாம் போனில் தெரியும். தளர்த்தியிருக்கிறாள். வந்து திறந்தால் கட்டை கழன்று பெட்டிக்குள் கிடக்கிறது.

"முந்தி ஒருநாளும் கழண்டதில்லையோ?"

"இல்லை, அத்தான். அந்தக் கிழவன் கம்பியை ஒவ்வொண்டாத்தான் மாத்தச் சொன்னவன். எல்லாத்தையும் ஒரேயடியாக் கழட்டாதை எண்டவன்."

"ஏனாம்?"

"சொல்லேல்லை. செத்துப் போனான்."

நான் கட்டையைப் புரட்டிப் பார்த்தேன். பசை இல்லை. ஆணி இல்லை. திருகாணி இல்லை. ஒட்டிய தடமே இல்லை.

"செய்தவன் சரியான கள்ளன்," என்றேன். "ஒட்டாமல் வித்துப் போட்டான். இவ்வளவு காலமும் கம்பிதான் இதை அமத்திப் பிடிச்சு வைச்சிருந்திருக்கு."

முழு உண்மையையும் அந்த இடத்திலேயே சொல்லிவிட்டேன். எனக்கு விளங்கத்தான் இல்லை.

கிற்றாரின் பலகையில் இரண்டு கால்களும் நின்ற தடம் மங்கலாகத் தெரிந்தது. மூலைமட்டத்தை வைத்தேன். தடம் கோணல். ஒரு கால் முன்னால், ஒரு கால் பின்னால். கழுத்தின் தலைப்பிலிருந்து தடித்த கம்பிப் பக்கத் தடத்துக்கு அளந்தேன். இருபத்தைந்து அங்குலமும் மூன்று நூலும். ஓர் அங்குலத்தில் எட்டில் ஒன்று ஒரு நூல்.

எங்கள் தொழிலில் வாசல் நிலைக்கு மிச்சம் வைத்து அளவெடுப்பதில்லை. மிச்சம் நின்றால் வீட்டுக்கு ஆகாது என்பார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. ஆனால் பத்து வருசம் கழித்து அந்த வீட்டில் ஒருவர் பனையால் விழுந்தால் ஆட்கள் என்னைத்தான் தேடி வருவார்கள். ஆகவே மிச்சம் விடுவதில்லை.

மூன்று நூலையும் வெட்டிவிட்டேன். இருபத்தைந்து அங்குலத்தில் கோடு. மூலைமட்டத்துக்கு நேராக.

எலும்பும் ஒரு பக்கம் உயரமாக, ஒரு பக்கம் பதிவாக இருந்தது. அதையும் சமப்படுத்த அரத்தை எடுத்தேன்.

"இஞ்சேருங்கோ!" என்றாள் இரத்தினம். "வெள்ளிக்கிழமையும் அதுவுமா மாட்டெலும்பை வீட்டுக்கை வைச்சு ராவப் போறியளோ?"

"மாடோ ஆடோ, தெரியாது."

"எதெண்டாலும் வெளியிலை."

வெளியே வெயில். விட்டுவிட்டேன். வெள்ளிக்கிழமை அந்த எலும்பைக் காப்பாற்றியது.

நேர் என்றால் நேர்

இன்னொன்றும் சொல்லவேண்டும். எனக்குக் கோணல் ஆகாது.

முன்பொருமுறை சாட்டிக் கடற்கரையில் தேநீர்க்கடை வைத்திருந்தவருக்கு மேசை செய்து கொடுத்தேன். கடை நின்ற இடம் மணற்சரிவு. இரண்டு காலைக் கட்டையாக வை, அப்போதுதான் மேசை சமனாக நிற்கும் என்றார். நான் நாலு காலையும் ஒரே அளவில் செய்தேன். கோப்பைகள் ஒவ்வொன்றாக வழுகிக் கடல் பக்கம் போயின.

"என்னப்பா செய்து வைச்சிருக்கிறீர்?" என்று கேட்டார்.

"மேசை சரி, அண்ணை. கடற்கரையைத் திருத்துங்கோ," என்றேன்.

அன்றிலிருந்து அவர் என்னோடு கதைப்பதில்லை. மேசை இன்னும் இருக்கிறது. அதில் இப்போது மீன் வெட்டுகிறார்கள். தண்ணீர் தானாக வடிகிறதாம்.

செல்வனின் மருந்து

ஒட்டவேண்டும் என்றதும் செல்வனுக்குப் போன் அடித்தேன். தீவுப்பகுதியில் எது உடைந்தாலும் அவனுக்குத்தான் அடிப்பது. பைபர் வள்ளங்களுக்குப் பூசுகிற றெசின் பசை அவனிடம் எப்போதும் இருக்கும். தண்ணீர்த்தொட்டி, கதிரைக்கால், மோட்டார்ச் சைக்கிள் மட்காட் எல்லாவற்றுக்கும் அதுதான். தன் மாமியாருடைய பல்செட்டையும் அதால் ஒட்டிக் கொடுத்தான். பூசியது கூடிவிட்டது. மாமியார் இரண்டு நாள் வாய் திறக்கவில்லை.

"கை தவறிப் போச்சு, அண்ணை," என்பான். முகத்தைப் பார்த்தால் அப்படித் தெரியாது.

பண்ணைப் பாலத்தால் வந்த பேருந்தில் ஏறி, பழைய பால்மாத் தகரப் பேணியில் றெசினோடு வந்தான்.

"அண்ணை, இது பிடிச்சால் பிடிச்சதுதான். பலகை போனாலும் கட்டை போகாது."

"அதுதான் வேணும்," என்றேன்.

பலகை வழுவழுப்பாக இருந்தால் பிடிக்காது. ஆகவே பழைய தடத்தை அரத்தாளால் தேய்த்து எடுத்தேன். கோணல் தடம் போனது எனக்கு நிம்மதி. கோட்டில் கட்டையை வைத்து ஒட்டினேன். மேலே துணி மடித்து அம்மிக்குழவியைப் பாரம் வைத்தேன்.

பின்னேரம் புவனம் கம்பிகளை முறுக்கினாள். அவளிடம் ஆறு துளையுள்ள சின்ன ஊதல் ஒன்று இருக்கிறது. ஒரு கம்பிக்கு ஒரு துளை. ஊதி ஊதிச் சரிபார்த்தாள். ஆறும் சரி.

பிறகு கம்பியைக் கழுத்தில் அழுத்தி வாசித்தாள். முகம் மாறியது.

"ஒரு மாதிரிக் கிடக்கு, அத்தான்."

"சூட்டுக்கு அப்பிடித்தான். குளிர் நாட்டு மரம்."

நான் சொன்னதை அவள் நம்பினாள். அதுதான் எனக்கு இன்றும் குத்துகிறது. அன்று பின்னேரம் முழுக்கவும், சனி காலை முழுக்கவும் வாசித்தாள். விரல் நுனிகள் வெற்றிலை போட்ட நாக்குப் போலச் சிவந்துவிட்டன. வாசிக்க வாசிக்கப் பிழையாகவே வந்தது. ஏன் என்று கிற்றாரை அவள் கேட்கவில்லை. தன்னைத்தான் கேட்டிருப்பாள்.

சனி பின்னேரம் மாஸ்ரர் வந்தார். விழாவில் என்ன நடக்கப்போகிறது என்று தனக்கு முன்னமே தெரியவேண்டுமாம்.

தேன் இல்லை

இனி விறாந்தைக்கு வருகிறேன்.

புவனம் கிற்றாரைப் பெட்டிக்குள் வைத்தாள். அழவில்லை. எங்கள் ஆட்கள் அழமாட்டார்கள், சாப்பிடாமல் படுப்பார்கள்.

"அக்கா, நாளைக்கு நான் இல்லை எண்டு சொல்லிவிடு."

"எடியே, நோட்டீசிலை பேர் போட்டாச்சு."

"கடல் தாண்டின காகத்துக்குப் பதிலா வேறை காகம் பிடிக்கச் சொல்லு. இந்தப் பெட்டி இஞ்சையே கிடக்கட்டும். கோழி முட்டையிட உதவும்."

"மாஸ்ரர், பிளேன்ரீயைக் குடிச்சிட்டு வெளிக்கிடுங்கோ," என்றாள் இரத்தினம். அவள் அப்படிச் சொன்னால் குடிக்காமலும் வெளிக்கிடலாம் என்று அர்த்தம்.

மாஸ்ரர் அவசரப்படவில்லை. சீனியைக் கடித்துக் கடித்துத் தேநீரைக் குடித்தார். பெட்டி இன்னும் மூடவில்லை. அவருடைய பார்வை உள்ளே போனது.

"உதென்ன, குதிரையின்ரை காலடியிலை தேன் வடிஞ்சிருக்கு?"

அவர் குதிரை என்றது கட்டையை. வயலினிலும் வீணையிலும் கம்பி ஏறுகிற கட்டைக்குக் குதிரை என்றுதான் பெயர்.

"தேனில்லை, மாஸ்ரர்," என்றான் செல்வன் பெருமையோடு. "என்ரை றெசின். இனிக் காலத்துக்கும் கழராது."

மாஸ்ரர் கோப்பையைக் கீழே வைத்தார்.

"ஆர் ஒட்டினது?"

"நான்தான்," என்றேன்.

"முந்தி ஒட்டியிருந்ததோ?"

"இல்லை. சும்மா நிண்டிருக்கு."

"பிடிலிலை குதிரையை ஆர் ஐசே ஒட்டுறது? கம்பி அமத்தும், அது நிக்கும். எங்கை நிக்க வேணுமெண்டு காதாலை பாத்து நகத்தி வைக்கிறது. நீர் எதாலை பாத்து வைச்சனீர்?"

"மூலைமட்டத்தாலை."

அவர் தன்னுடைய விரல்களைப் பார்த்தார்.

"தம்பிராசா, உமக்குப் பத்து விரல் காணாது."

புவனம் திரும்பினாள்.

"அப்ப என்ரை காது பிழையில்லையோ, மாஸ்ரர்?"

"அதை இப்ப சொல்லேலாது," என்றார் அவர். "சாட்சி பசையிலை ஒட்டிக் கிடக்கு."

கைத்தடியைச் சுவரில் சாத்தினார். சால்வையை மடித்துக் கதிரையில் போட்டார்.

"கழட்டும்," என்றார்.

கழற்றியது

ஒட்டுவதற்குக் கால் மணி நேரம். கழற்றுவதற்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல்.

இரும்பு அரிகிற வாளின் தகடு ஒன்றை இரத்தினம் குசினியில் அடுப்பில் காய்ச்சித் தந்தாள். நான் அதைக் கட்டைக்கும் பலகைக்கும் இடையில் விட்டு அரக்கினேன். சூடு ஆறும். மறுபடியும் காய்ச்சவேண்டும். விறாந்தை முழுக்க வள்ளம் எரிந்த நாற்றம்.

"காலத்துக்கும் கழராது எண்டனீ," என்றாள் இரத்தினம் செல்வனைப் பார்த்து.

"அக்கா, நல்ல சாமான் எண்டாலும் ஏச்சு, கூடாத சாமான் எண்டாலும் ஏச்சு."

புவனம் கிணற்றைப் பார்த்தபடி நின்றாள். பலகை நொறுக்கென்று ஒருமுறை முனகியது. அவள் திரும்பாமலே சொன்னாள்.

"அத்தான், பலகை உடைஞ்சால் நான் உங்களோடை இனிக் கதைக்க மாட்டன்."

அந்தக் குடும்பத்தில் அப்படிச் சொன்னால் சொன்னதுதான். இரத்தினத்தின் தமையன் ஒருவன் வேலித் தகராறில் சொல்லிவிட்டு, செத்த பிறகுதான் எங்கள் வீட்டுக்கு வந்தான். படமாக. நான் மூச்சை அடக்கிக்கொண்டு அரக்கினேன்.

கழன்றது. நகமளவு பொளி ஒன்று பலகையிலிருந்து கூடவே வந்தது. மற்றப்படி சேதமில்லை. எலும்பும் அப்படியே இருந்தது.

"பழைய தடம் எங்கை?" என்று கேட்டார் மாஸ்ரர்.

"அரத்தாளாலை தேச்சிட்டன்."

"எங்கடை தீவிலைதான் ஐசே எல்லா அறிவாளியளும் பிறக்கிறது," என்றார். அவரும் எங்கள் ஊர், சரவணைதான்.

கடல் நின்றது

தடம் இல்லை. காதால்தான் தேடவேண்டும். மாஸ்ரருடைய காதில் கேட்கிற மெசின். அது கிற்றாருக்குக் கிட்டப் போனதும் கூவத் தொடங்கியது. கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டார். பைக்குள்ளும் கூவியது.

"மெசின் இல்லாமல் எப்பிடி, மாஸ்ரர்?" என்று கேட்டேன். அவருக்குக் கேட்கவில்லை. அதுவே பதில்.

புவனம் கிற்றாரை மடியில் வைத்தாள். மாஸ்ரர் குனிந்து நெற்றியைப் பலகையில் வைத்தார். எலும்புக்கு எலும்பு.

"மாஸ்ரர் கும்பிடுறாரோ?" என்றான் செல்வன்.

விசயம் இதுதான். தடித்த கம்பியை அதன் சரிபாதியில் அழுத்தவேண்டும். மெல்லிய கம்பியைச் சும்மா விடவேண்டும். இரண்டையும் சேர்த்துத் தட்டினால் இரண்டும் ஒரே ஸா. ஒன்று கீழ், ஒன்று மேல். கட்டை சரியான இடத்தில் நின்றால் இரண்டும் ஒட்டி ஓடும். இல்லாவிட்டால் சத்தம் அலையடிக்கும். தூரம் கூடினால் வேகமாக அடிக்கும். கிட்ட வரவர மெதுவாகும். அதை அவர் நெற்றியால் பிடித்தார்.

"ஆடுது," என்றார். பலகைக்குள் இருந்து குரல் வந்தது. "நல்லா ஆடுது. பின்னுக்குத் தள்ளும்."

நான் பெருவிரலால் கட்டையைத் தள்ளினேன். தள்ளியதும் கம்பியின் சுருதி மாறும். புவனம் ஊதலை ஊதி முறுக்குவாள். பிறகு தட்டுவாள்.

"ஆடுது. இன்னும் பின்னுக்கு."

தள்ளினேன். ஊதினாள். தட்டினாள்.

"இப்ப மெல்ல ஆடுது."

"காத்து விழுந்திட்டுது," என்றான் செல்வன். அவனுக்கு இது விளங்கத் தொடங்கியிருந்தது. "இனி நங்கூரம் போடலாம், அண்ணை."

"இன்னும் ஒரு மயிர்," என்றார் மாஸ்ரர்.

தள்ளினேன். ஊதினாள். தட்டினாள். எனக்கே ஏதோ கேட்டது. கேட்டது என்று சொல்லமுடியாது. முதலில் இருந்த ஒன்று இல்லாமல் போனது.

"நிண்டிட்டுது," என்றார்.

பென்சிலால் கோடு போட்டேன். மெல்லிய கம்பிப் பக்கத்தையும் அப்படியே பார்த்தோம். அந்தப் பக்கம் அவ்வளவு தூரம் பின்னால் போகவில்லை. முடிவில் கட்டை கோணலாக நின்றது. என் கை தானாக அதை நிமிர்த்தப் போனது.

"கோணலாக் கிடக்கு, மாஸ்ரர்," என்று அவர் மெசினைப் போட்ட பிறகு சொன்னேன்.

"உமக்குக் கோணல், எனக்கு நேர். இதிலை ஆர் சங்கீத வாத்தியார்?"

யாரும் பார்க்காத நேரம் அளந்து பார்த்தேன். தடித்த கம்பிப் பக்கம் என் கோட்டிலிருந்து மூன்று நூல் பின்னால். தேய்த்து அழித்த தடம் காட்டிய அதே அளவு.

புவனம் பாட்டை ஒருமுறை வாசித்தாள். இரண்டாவது வரியைத் தாண்டிப் போனாள். நான் மாஸ்ரருடைய கையைப் பார்த்தேன். இரண்டையும் சால்வைக்குள் வைத்திருந்தார்.

"எண்ணேல்லையோ, மாஸ்ரர்?" என்று கேட்டாள் புவனம்.

"நாளைக்கு எண்ணுவன். இண்டைக்கு நான் கூலியாள்."

அவர் போன பிறகு பார்த்தால் பலகையில் வெள்ளையாக ஒரு தீற்றல். அவருடைய நெற்றித் திருநீறு. துடைக்கத் துணியைக் கொடுத்தேன். புவனம் வாங்கவில்லை.

விழா

சிறுவர் பேச்சு முடிய நேரம் எடுத்தது. ஒரு பிள்ளை பாதியில் மறந்து, முதலிலிருந்து தொடங்கி, அதே இடத்தில் மறுபடியும் மறந்தது.

பிறகு புவனத்தின் பெயரைச் சொன்னார்கள். பின்வரிசையில் யாரோ கரைந்தான். குரல் எனக்குத் தெரியும். அவனுடைய கதவு இன்னும் இரண்டு மாதம் பிந்தும்.

மாஸ்ரர் முன்வரிசையில், பொன்னாடை போர்த்தபடி. மெசின் காதில்தான் இருந்தது. அதை நான் முதலிலேயே போய்ப் பார்த்துவிட்டேன். கைகள் முழங்காலில். விரல்கள் பத்தும் விரித்திருந்தன.

நானும் இரத்தினமும் பக்கவாட்டில் நின்றோம். நான் புவனத்தைப் பார்க்கவில்லை. அந்தக் கைகளைப் பார்த்தேன்.

முதலாவது வரியில் ஒன்று மடங்கியது.

ஒலிவாங்கி கூவியது. அதற்கும் ஒன்றை மடக்கினார். பிறகு யோசித்து விரித்தார். அது அவளுடையதல்ல.

இரண்டாவது வரி வந்தது. இரத்தினம் என் சட்டையைப் பிடித்தாள். ஒன்றும் மடங்கவில்லை. வரி முடிந்தது.

மூன்றாவதில் இரண்டு. அதற்குப் பிறகு வேகமாக வாசிக்கிற இடம். அங்கே நாலு, ஒன்றன்பின் ஒன்றாக. வலது கை பொத்திவிட்டது. இடது கையில் இரண்டு மடங்கிக் கிடந்தன. பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை. சனம் கதைப்பதை நிறுத்தியிருந்தது. கச்சான் கடலை உடைக்கிற சத்தமும் நின்றது.

ஆறாவது நிமிடம் போல இன்னொன்று. பிறகு ஒன்று. இடது பெருவிரல் மட்டும் நின்றது.

கடைசி வரி. மெதுவாக வந்தாள். கடைசித் தட்டு. அதில் ஒரு கம்பி தவறியது. கோயில் மணி மட்டும் தெரிந்த எனக்கே கேட்டது. இரத்தினத்துக்கும் கேட்டது. சட்டையை விட்டுவிட்டாள்.

மாஸ்ரர் இடது கையை உயர்த்தினார். பெருவிரலைப் பார்த்தார். அதால் மூக்கைச் சொறிந்தார். சொறிந்துவிட்டு, நிமிர்ந்தபடியே அதை முழங்காலில் கொண்டுபோய் வைத்தார்.

சனம் கைதட்டியது. புவனம் கிற்றாரோடு மேடையால் இறங்கி நேரே அவர் முன்னால் வந்து நின்றாள். ஐம்பத்தெட்டு வயதுக்காரி, கை இரண்டையும் பக்கத்தில் வைத்து, பள்ளிக்கூடத்தில் நிற்பது போல நின்றாள்.

"எத்தினை, மாஸ்ரர்?"

"ஒன்பது."